செத்தவன் கொடுத்த நம்பர்

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று சொன்னவன் ஆவாரந்தாங்கல் ஸ்டேஷனில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான். நான் உட்கார்ந்து பார்த்தேன். பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம், அது இன்றைக்கும் தீரவில்லை. யார் மேல் கோபம் என்பதைக் கடைசிவரை படித்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

1969, வைகாசி மாதம். காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் போகும் மீட்டர் கேஜ் பாதையில் இருந்த சின்ன ஸ்டேஷன் அது. மாஸ்டர் ராஜகோபால் உடம்பு சரியில்லை என்று லீவில் போய்விட்டார். அவர் திரும்பும்வரை பத்து நாள் பார்த்துக்கொள்ளும்படி என்னை அனுப்பினார்கள். என் பெயர் திருஞானசம்பந்தம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ்.

காலை பாசஞ்சரில் போய் இறங்கினேன். பட்டு நூலைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போகிற நெசவாளிகள் இரண்டு பேர், காய்கறிக் கூடைகளோடு நாலைந்து பெண்கள் அதே வண்டியில் ஏற மர நிழலில் காத்திருந்தார்கள். ஒரே ஒரு அறை, ஓட்டுக் கூரை, சுவரில் ஆணியடித்து மாட்டிய பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும். கைகாட்டியையும் தண்டவாளத்தையும் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் துரைக்கண்ணு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, காக்கிச் சட்டையில் மேல் பித்தான் இல்லை.

"ராஜகோபால் சாருக்கு உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார். பெட்டியோடு முன்னால் நடந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் வைக்கோல் வாடை அடித்தது. நனைந்து மக்கின வைக்கோல். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஸ்டேஷனில் மாடும் இல்லை, வண்டியும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

மேஜைக்கு மேலே சுவரில் ஒரு மரப்பெட்டிப் போன். கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். அது கேட்டுக்குப் போகிற போன். இரண்டு பர்லாங்கு தூரத்தில், வண்டிப்பாதை தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும் இடத்தில், கேட் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றால் நன்றாகத் தெரியும்.

"அது வேல செய்யாது சார்" என்றார் துரைக்கண்ணு. "பங்குனில கேட்டாண்ட ஆக்சிடென்ட் ஆச்சே, அப்ப கம்பம் சாஞ்சி ஒயர் அறுந்துபூட்ச்சி. இன்னும் கட்டல. இப்ப தர்மன்னு ஒரு ஆளு கேட்ட மூடிட்டு பச்சக் கொடி காட்டுவான். அதப் பாத்துட்டு கைகாட்டிய எறக்கணும்."

"சரி."

"அது அடிச்சா தொடாதீங்க சார்."

"ஒயர் அறுந்த போன் எப்படிப்பா அடிக்கும்?"

அவர் வெளியே போய்விட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. படிக்காத ஆட்கள், ஒரு சாவு விழுந்தால் போதும், கதை கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. காக்கைகூட இல்லை. தண்டவாளம் வெயிலில் தகதகத்தது. துரைக்கண்ணு திடீரென்று எழுந்து பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் நடந்தார். அங்கே முதுகைக் காட்டி நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது.

மணி அடித்தது.

சாதாரணமாக அடிக்கவில்லை. யாரோ கைப்பிடியை ஆத்திரமாகச் சுற்றுகிற மணி. மரப்பெட்டி சுவரில் அதிர்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து பதிவேட்டின் மேல் விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறுந்த கம்பி இரண்டாவது கம்பத்திலிருந்து தரைவரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எடுத்தேன்.

மூச்சு. ஓடி வந்தவனுடைய மூச்சு. அதற்குப் பின்னால் சங்கிலி கல்லில் உரசும் சத்தம். அறையில் வைக்கோல் வாடை தொண்டையை அடைத்தது.

"ஏன் சார் கூப்புடல?"

"யாரு?" என்றேன்.

"நெம்பர் இருந்தா போதுமா சார்?"

அவ்வளவுதான். குரலில் அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. அடிக்கக் கை ஓங்கினவன் கடைசியாகக் கேட்கிற கேள்விபோல் இருந்தது. போனை மாட்டும்போது இரண்டு முறை கொக்கி தவறியது.

துரைக்கண்ணு திரும்பி வந்தபோது நான் பங்குனி மாதப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரே எடுத்துக் கொடுத்தார். செத்துப்போனவர் கேட்கீப்பர் முனிசாமி என்று அப்போதுதான் சொன்னார். பகல் பன்னிரண்டு இருபதுக்கு, வைக்கோல் வண்டி ஒன்று தண்டவாளத்தின் நடுவில் இருக்கும்போது கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. கேட் திறந்தே கிடந்தது. முனிசாமி ஓடிப்போய் வண்டிக்காரரை இழுத்துத் தள்ளினார். வண்டிக்காரர் பிழைத்தார். முனிசாமியும் ஒரு மாடும் போனார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வண்டி வருமுன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்ய வேண்டும். கேட்கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். அந்தத் தாள் வேறு யாரிடமும் இருக்காது. ஆகவே எண் வந்தால் கேட் மூடியாயிற்று என்று அர்த்தம். அதைப் பதிவேட்டில் எழுதின பிறகுதான் வண்டி வரலாம் என்று கைகாட்டியை இறக்க வேண்டும்.

விபத்து நாள் பக்கத்தைத் திருப்பினேன். காலை பாசஞ்சருக்கு எண்பத்து மூன்று. கூட்ஸுக்கு நாற்பத்தேழு. ராஜகோபாலின் அழகான கையெழுத்து. கேட்கீப்பர் எண்ணைச் சொல்லிவிட்டுக் கேட்டை மூடாமல் விட்டார் என்றுதான் இதைப் பார்த்தவர்கள் முடிவு செய்வார்கள். முடிவும் செய்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வரிகளைப் படித்தேன்.

மூன்று நாற்பது பாசஞ்சருக்குப் பன்னிரண்டு. ஆறேகால் பாசஞ்சருக்கு எழுபத்தொன்று.

இரண்டுக்கும் நேராக, வண்டி வந்த நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் சிவப்பு மையில் 'ரத்து' என்று இருந்தது. விபத்தால் பாதை அடைபட்டு அன்று சாயந்திரம் எந்த வண்டியும் ஓடவில்லை. பகல் பன்னிரண்டு இருபதுக்குச் செத்தவன் ஆறேகால் வண்டிக்கும் நம்பர் கொடுத்திருக்கிறான்.

மற்றவர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏனென்றால் நானும் அதைத்தான் பன்னிரண்டு வருஷம் செய்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் யார் போனைச் சுற்றிக்கொண்டிருப்பது? காலையில் ஒரே முறை கூப்பிட்டு, "இன்னிக்கு நாலு நம்பரையும் சொல்லிடுப்பா" என்று மொத்தமாக வாங்கி எழுதிவிடுவோம். கேட்கீப்பர்களும் வண்டி நேரம் தெரிந்தவர்கள், தானாக மூடிவிடுவார்கள். நேரத்துக்கு வண்டி வரும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் கூட்ஸுக்கு ஏது நேரம்? வழக்கமாக ஒரு மணிக்கு மேல் வருகிற கூட்ஸ் அன்று பன்னிரண்டு இருபதுக்கே வந்துவிட்டது. ராஜகோபால் கையில் நம்பர் தயாராக இருந்தது. அவர் போனைத் தொடவேயில்லை. கைகாட்டியை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை கேட்டுக்குப் போனேன். கேட்டை ஒட்டின ஒற்றை அறை வீட்டில் முனிசாமியின் மனைவி காந்தா இருந்தாள். முப்பது வயது இருக்கும். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம காலி பண்ணணுமாம் சார். தப்பு பண்ணவன் பொண்டாட்டிக்கு கவர்மென்ட் வூடு இல்லியாம்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கயிற்றை இழுத்த வேகத்தில் சாக்கு கிழிந்தது.

"காலையிலயே நம்பர் கொடுத்திடுவாராம்மா?"

"மாஸ்டரு கேட்டாரு, குடுத்தாரு. முடியாதுன்னா உடுவாங்களா? ஒருக்கா முடியாதுன்னு சொன்னதுக்கு ஒரு வாரம் லீவு தரல. அன்னிக்குக் கூட பல்லு வெளக்கிக்கினே நாலு நெம்பரையும் சொல்லிட்டு வந்தாரு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் அப்டிதான் வாங்குவீங்களா சார்?"

நான் கேட்டுச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பன்னண்டு மணிக்கு மேல இங்க நிக்காதீங்க சார்" என்றாள் கொஞ்சம் தணிந்த குரலில். "கோவமா இருக்கறாரு. எங்கிட்டயே பேச மாட்றாரு."

ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு இருபதுக்கு மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் மணி நிற்காது. கூட்ஸ் வந்து போகும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் நானும் துரைக்கண்ணுவோடு பிளாட்பாரக் கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றேன்.

வெள்ளிக்கிழமை, விபத்தை விசாரிக்கிற ரயில்வே இன்ஸ்பெக்டர் சீனிவாசன் காஞ்சிபுரத்திலிருந்து டாக்சியில் வந்தார். சலவைச் சட்டை, தோல் பை. விபத்து நாள் பக்கத்தின் நகல் ஒன்றை டைப் செய்து கொண்டுவந்திருந்தார். 'அசலுக்குச் சரியான நகல்' என்று பொறுப்பில் உள்ள மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்தேன். எண்பத்து மூன்று இருந்தது. நாற்பத்தேழு இருந்தது. கடைசி இரண்டு வரிகள் இல்லை.

"சார், இதுல ரெண்டு வரி விட்டுப்போச்சு."

"ஓடாத வண்டிக்கு எதுக்கய்யா வரி?"

"ஓடாத வண்டிக்கு நம்பர் எப்படி சார் வந்தது? அந்த ரெண்டு வரி இருந்தா முனிசாமி மேல தப்பு இல்லைன்னு புரிஞ்சுடும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சம்பந்தம், காலைல நம்பர் வாங்குறது எல்லா ஸ்டேஷன்லயும் உண்டு. உம்ம ஸ்டேஷன்லயும் உண்டு. இந்த ரெண்டு வரி மேல போச்சுன்னா, உம்ம பழைய ரெஜிஸ்டரையும் எடுத்துப் பார்ப்பாங்க. பார்க்கட்டுமா? செத்தவன் வரப்போறதில்லை. உமக்கு ரெண்டு பொண்ணு இருக்கு இல்லே?"

போட்டேன்.

ஆமாம், கையெழுத்துப் போட்டேன். எந்தப் பேயும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. என் பேனா, என் மை, என் கோழைத்தனம்.

சீனிவாசன் நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அந்தப் பொம்பளை காலி பண்ணிட்டாளான்னு பார்த்துட்டுப் போறேன்" என்று டாக்சியில் ஏறினார்.

அன்றைக்கும் கூட்ஸ் முன்னதாகவே வந்தது. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்ததும் பிளாட்பாரத்தில் நின்று கேட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கதவு மூடியிருந்தது. தர்மன் பச்சைக் கொடி காட்டினான். துரைக்கண்ணுவிடம் சொல்லிக் கைகாட்டியை இறக்கினேன்.

அறைக்குள் மணி அடித்தது.

இந்த முறை ஒரே ஒரு தரம், மெதுவாக. அதனால்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

"முனிசாமி" என்றேன். "கூட்ஸ் வருதுப்பா. கேட்டு மூடித்தான் இருக்கு."

மூச்சு இல்லை. சங்கிலிச் சத்தம் இல்லை. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது.

"மூட மாட்டேன் சார்."

ஜன்னலுக்குப் பாய்ந்தேன்.

கேட் அகலத் திறந்திருந்தது.

தண்டவாளத்தின் நடுவில் டாக்சி நின்றுகொண்டிருந்தது.

"கைகாட்டியத் தூக்கு! துரைக்கண்ணு, கைகாட்டியத் தூக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பின்னால் கைகாட்டி மேலே ஏறின சத்தம் கேட்டது. எதிரே கூட்ஸ் விசில் அடித்துக்கொண்டு வந்தது. பிரேக் பிடித்த சத்தம் பல்லைக் கூச வைத்தது. காலில் செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு பர்லாங்கு அன்றைக்குப் போல் எனக்கு எப்போதும் நீண்டதில்லை.

எஞ்சின் கேட்டுக்கு முப்பதடியில் நின்றது. ஆனால் நின்ற எஞ்சின் அப்படியே நிற்கவில்லை. டிரைவர் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். சக்கரங்கள் ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம் என்று முன்னால் உருண்டன. பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறார்கள்.

டாக்சி டிரைவர் குதித்து ஓடிவிட்டார். சீனிவாசன் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. அவர் இறங்கவில்லை. தன் இரண்டு முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். சலவைப் பேன்ட்டின் மேல், முழங்காலுக்கு மேல், இரண்டு இடத்தில் துணி அழுந்திச் சுருங்கியிருந்தது. யாரோ இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி. சீட்டெல்லாம் ஈர வைக்கோல்.

தர்மன் கேட்டுக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்து அழுதான். "வர்ல சார்! நாந்தான் பூட்னேன் சார்! வர்ல சார்!"

எஞ்சின் இன்னும் ஒரு அடி உருண்டது.

அப்போது காந்தா வீட்டிலிருந்து வெளியே வந்தாள். கையில் சாக்கு மூட்டை. அதைத் தொப்பென்று கீழே போட்டாள். டாக்சியையும் எஞ்சினையும் பார்த்தாள். முகம் சிவந்தது. எங்கள் யாரையும் பார்த்து அவள் பேசவில்லை. டாக்சியின் திறந்த கதவைப் பார்த்துப் பேசினாள்.

"யோவ்! இன்னாயா பண்ணிக்கினு இருக்கற? இந்த ஆள கொன்னுட்டா? நாளைக்கு இன்னா எய்துவாங்க? செத்தும் தப்பு பண்ணான் முனிசாமின்னு எய்துவாங்க. உன் கோவம் எனக்கு சோறு போடுமா? ரெண்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல, இவங்ககிட்ட போன் பண்ணி பேசறியா? உடுயா. உடுன்றேன்ல!"

எஞ்சின் நின்றது.

சீனிவாசன் சீட்டிலிருந்து உருண்டு வெளியே மண்ணில் விழுந்தார். பேன்ட்டில் சுருக்கம் அப்படியே இருந்தது. அவர் பையை நான் எடுத்தேன். என் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை. மண்ணில் கிடந்தபடியே, "அசலையே அனுப்பிடும்" என்றார்.

அசலை அனுப்பினேன். கூடவே என் வாக்குமூலத்தையும் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு வருஷம், மூன்று ஸ்டேஷன், ஒவ்வொரு நாளும் காலையிலேயே நம்பர் வாங்கினேன் என்று எழுதினேன். மேலிடத்துக்கு என்மேல் வந்த கோபம் ராஜகோபால் மேல் வரவில்லை. என்னை மாஸ்டர் வேலையிலிருந்து இறக்கி பார்சல் குமாஸ்தா ஆக்கினார்கள். ராஜகோபால் வேறு ஊரில் மாஸ்டராகவே தொடர்ந்தார். விசாரணை அறிக்கையில் 'விபத்துக்கான காரணம் தெளிவாகத் தெரியவில்லை' என்று முடித்தார்கள். தெளிவாகத் தெரியவில்லையாம்! இதை எழுதும்போதுகூட எனக்குப் பல் நறநறக்கிறது. ஆனால் முனிசாமி குற்றவாளி என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். காந்தாவுக்கு அந்தக் கேட்டிலேயே வேலை கிடைத்தது. வீடும் கைவிட்டுப் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் சொந்த வேலையாக அந்தப் பாதையில் போனேன். கைகாட்டி இறங்காததால் பாசஞ்சர் கேட்டுக்கு வெளியே நின்றது. நான் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன்.

காந்தா புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்துக் கதவை மூடிச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. ஒரு மாட்டு வண்டி அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் கேட்டைக் கண்டதும் தூரத்திலேயே கீழே இறங்கி, மாட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்கப்பட்டவர்போல் இருந்தது.

கதவு தானாக அசைந்தது. பிறகு படாரென்று அறைந்து மூடியது. புழுதி எழும்பியது. மாடுகள் இரண்டும் முன்காலைத் தூக்கின. சங்கிலி எழும்பிப் போய்க் கொக்கியில் மாட்டிக்கொண்டது.

அந்தப் பக்கம் யாரும் இல்லை.

காந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சைக் கொடியை உதறி விரித்துக்கொண்டே உரக்கச் சத்தம் போட்டாள்.

"மெதுவா சாத்துயா! மாடு மெரளுது பாரு!"